கோழிகளும் குடற்புழுக்களும்

ஐந்தாறு கோழிகளை வளவிலே மேயவிட்டு வளர்க்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் பல உள. பிள்ளைகளின் காலையுணவுக்கு முட்டை கிடைப்பதும், இல்லத்தரசியின் கையிலே சிறிது பணம் சேர்வதும் இக்கோழிகளாலேயே. ஆயினும், மாரி முடிந்து தை, மாசி மாதங்கள் வரும்போது இவ்வீடுகளிலிருந்து ஒரு முறைப்பாடு எழுவதைக் கேட்கிறோம். “தீனி குறையவில்லை, கோழியோ மெலிகிறது. முட்டையும் குறைந்துவிட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்து மடிகின்றன” என்பதே அது.

ஓரிரு நாட்களிற் பல கோழிகள் திடீரென மடியுமாயின், அது கொள்ளைநோயாக இருக்கலாம். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நலிவு தோன்றுமாயின், குடற்புழு உண்டோ என முதலில் ஆராய்தல் தகும்.

புழுவை அறிதல்

கோழியைக் கையிலெடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தல் வேண்டும். இருபுறமும் தசை வற்றி எலும்பு கத்தி முனைபோற் கையிற் படுதல், கொண்டை வெளிறுதல், சிறகு தொங்குதல், கழிச்சல் ஆகியன புழு நோயின் அறிகுறிகளாம். கறிக்காக அறுக்கும் கோழியின் குடலைப் பிளந்து பார்ப்பதும் நல்ல சோதனையே. சிறுகுடலிற் காணப்படும் தடித்த வெண்ணிறப் புழு பெரிய வட்டப்புழுவாகும். அதன் பெண்புழு 7 முதல் 11 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. இரண்டு குருட்டுக்குடல்களின் நுனியிலே ஒரு சென்ரிமீற்றர் அளவில் நெளிவது குருட்டுக்குடற்புழு. தட்டையாய்க் கணுக்கணுவாய் இருப்பது நாடாப்புழு. மயிரிழை போன்ற புழுக்களும் உண்டு. அவை கண்ணுக்கு எளிதிற் புலப்படா. எச்சத்திற் சிறிதளவை எடுத்துச்சென்று கால்நடை வைத்திய அலுவலகத்திற் காட்டினால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே புழுமுட்டைகளைக் கண்டு வகையைக் கூறுவர்.

மருந்து கொடுக்கும் முறை

வகையை அறிதல் ஏன் அவசியமெனில், எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து பயன்படாது. 1950ஆம் ஆண்டுகள் முதல் வழங்கிவரும் பைப்பரசீன் பெரிய வட்டப்புழுவை நன்கு அகற்றும். நாடாப்புழுவையும் மயிரிழைப் புழுவையும் அது தீண்டாது. லெவாமிசோல், பென்பெண்டசோல் ஆகியவை வட்டப்புழு இனங்கள் பலவற்றைக் கொல்லும். நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டெல் ஏற்றது. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தங் காணப்படின், அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ் என்னும் நோயாகும். அதை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். புழு மருந்தால் அது தீராது.

மருந்தின் அளவு கோழியின் நிறையைப் பொறுத்தது. கண்மதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் வலிய புழுக்கள் தப்பிப் பெருகும்; நாளடைவில் அம்மருந்துக்கு அவை அடங்கா. ஆகவே, இரண்டொரு கோழிகளைத் தராசில் நிறுத்து, வைத்தியர் கூறும் அளவையே கொடுத்தல் வேண்டும். நீரிற் கரையும் மருந்தாயின், முதல்நாள் இரவு நீர்ப்பாத்திரத்தை அகற்றிவிட்டு, மறுநாட் காலையிற் கோழிகள் சில மணி நேரத்திற் குடித்து முடிக்கக்கூடிய நீரிலே கலந்து வைக்கலாம். நலிந்த கோழி தானாகக் குடியாதாகையால் அதற்குத் தனியே பருக்குதல் நன்று. பெரும்பாலான மருந்துகள் முதிர்ந்த புழுவைக் கொல்லுமளவுக்கு இளம்புழுவைக் கொல்வதில்லை. எனவே, ஏறத்தாழ 3 வாரங்களின் பின் மறுமுறை கொடுக்க வேண்டுமா என்பதையும் வைத்தியரிடமே கேட்டறிக. மருந்து கொடுத்தபின் எத்தனை நாட்களுக்கு முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது என்பது மருந்துப் பெட்டியிற் குறிக்கப்பட்டிருக்கும். அதனை மீறுதல் கூடாது.

நிலத்தையும் நோக்குக

மருந்து கொடுத்ததும் கடமை முடிந்ததென எண்ணுவோரே மிகப் பலர். இரண்டு மாதத்தில் அதே கோழி மீண்டும் மெலியக் காண்கையில் மருந்தைக் குறை கூறுவர். உண்மை யாதெனில், மருந்து சென்றது கோழியின் குடலுக்கு மாத்திரமே. புழுவின் முட்டைகளோ முற்றத்திலே கிடக்கின்றன. எச்சத்தோடு வெளிவரும் வட்டப்புழுவின் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் 10 முதல் 20 நாட்களில் நோய் விளைவிக்கும் நிலையை அடைகிறது. நிழலும் ஈரமுமுள்ள இடத்தில் அது பல மாதங்கள் அழியாதிருக்கும். வெயிலும் வறட்சியுமே அதன் பகைவர்.

வளர்ந்த கோழி தன் குடலிற் சில புழுக்களைச் சுமந்துகொண்டும் நலமாகவே நடமாடும். 3 மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு அந்த வலிமை இல்லை. தாய்க்கோழி தான் எச்சமிட்ட மண்ணையே கிளறி, குஞ்சுகளை அழைத்து இரை காட்டுகிறது. குஞ்சுகள் இரையோடு புழுமுட்டையையும் விழுங்குகின்றன. நோயைத் தருவது தாய். உயிரைக் கொடுப்பது குஞ்சு. ஆகவே, அடைக்கு வைக்கும் முன்னரே பேட்டுக்கு மருந்து கொடுத்து, குஞ்சு பொரித்ததும் பழைய கோழிகள் மேயாத உலர்ந்த இடத்தில் விடுதல் வேண்டும்.

கூட்டைப் பனஞ்சலாகையால் இடைவெளிவிட்டு உயரமாக அமைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். அதனை வாரமொரு முறை, முட்டைகள் முதிருமுன் அள்ளி, தொலைவிலுள்ள எருக்கும்பியிற் சேர்த்து மூடிவிடுக. நன்கு புளித்துச் சூடேறும் எருவிலே புழுமுட்டைகள் மடியும். தோட்டத்துக்கும் நல்ல பசளை கிடைக்கும். அக்கும்பியைக் கோழிகள் கிளறாதவாறு அடைத்தல் வேண்டும். தீனியை மண்ணில் வீசாது தொட்டியில் இடுக. நீர்ப்பாத்திரத்தைச் சுற்றிச் சேறாகவிடாதீர்கள். நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ முதலியவற்றின் வழியே பரவுவதால் குப்பை கூளங்களும் அகலுதல் நலம். வான்கோழியைக் கோழிகளோடு சேர்த்து வளர்க்கலாகாது. குருட்டுக்குடற்புழுவின் முட்டை, வான்கோழியின் ஈரலைத் தாக்கும் கொடுநோயின் கிருமியையும் சுமந்து செல்கிறதென்பது 1920ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டதாகும்.

உணவும் காவலே. உயிர்ச்சத்து ஏ குறைந்த கோழியைப் புழு எளிதில் வெல்லும். ஆதலின் முருங்கையிலை போன்ற கீரைகளை நாடோறும் சிறிது நறுக்கிப் போடுதல் நன்று.

முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒரு வட்டப்புழுவைக் கண்டு அஞ்சியோர் சிலர் உண்டு. அருமையாக அவ்வாறு நேர்வதுண்டு. இப்புழு மனிதரின் குடலில் வாழ்வதன்று. எனினும் அம்முட்டையை எறிந்துவிட்டு, கோழிகளுக்கு மருந்து கொடுக்கும் காலம் வந்ததென அறிதல் வேண்டும்.

வீட்டிலுள்ள மாணவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, மருந்து கொடுத்த நாள், எச்சம் அள்ளிய நாள், கிடைத்த முட்டைகளின் தொகை ஆகியவற்றைக் குறித்துவரச் செய்யலாம். சில மாதங்கள் சென்றபின் அக்குறிப்பைப் படித்தால், மருந்தோடு துடைப்பமும் மண்வெட்டியும் சேர்ந்து என்ன பயன் தந்தன என்பது எல்லோருக்கும் விளங்கும்.