எழுத்துக் கூட்டினால் போதுமா? பொருள் புரிய வேண்டாமா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையின் கையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுங்கள். "படி, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். தடுமாறாமல் படித்து விடுமா?

நம் நாட்டுக் கிராமங்களில் உள்ள அரசாங்கப் பள்ளிகளில், 100-க்கு 23 குழந்தைகள்தான் படித்தார்கள். மற்றவர்கள் திணறினார்கள்.

இது 2024-ம் ஆண்டு நடந்த "அசர்" கணக்கெடுப்பில் தெரிந்த செய்தி. "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் இதை நடத்தியது. 605 மாவட்டங்களில், ஏறத்தாழ 18 ஆயிரம் கிராமங்களில், வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள்.

2022-ம் ஆண்டில் இந்தக் கணக்கு 100-க்கு 16 ஆக இருந்தது. இரண்டு ஆண்டில் 23 ஆயிற்று. முன்னேற்றம்தான். ஆனால் போதாது.

அரசாங்கம் செய்தது என்ன?

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசு 2021-ம் ஆண்டு "நிபுண் பாரத்" திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2022-ம் ஆண்டு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைக் கொண்டு வந்தது. 8 வயதுக்குள் குழந்தைக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது நோக்கம். 2023-ம் ஆண்டு "வாசிப்பு இயக்கம்" வந்தது. "நுழை, நட, ஓடு, பற" என்று நான்கு படிகளாகச் சிறு புத்தகங்கள் போட்டார்கள்.

எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. அது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

நரியும் இல்லை, ராஜாவும் இல்லை!

சிறு வகுப்பில் பாட்டும் கதையும் அதிகம். நரி வரும், காக்கை வரும், ராஜா வருவார். குழந்தை ஆசையாகப் படிக்கும்.

மேல் வகுப்புக்குப் போனால் நிலைமை வேறு. அறிவியலும் சமூக அறிவியலும் பெருகும். அங்கே நரியும் இல்லை, ராஜாவும் இல்லை. "ஆவியாதல்", "பருவக்காற்று", "ஊராட்சி" என்ற சொற்கள்தான் வரும். குழந்தை எழுத்தைச் சரியாகவே வாசிக்கும். பொருள் மட்டும் பிடிபடாது. வேறு வழி இல்லாமல் மனப்பாடம் செய்யும். பரீட்சையில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விழிக்கும்.

"படிப்பு ஏறவில்லை" என்று வீட்டில் சொல்லி விடுகிறோம். குறை குழந்தையிடம் இல்லை. உலக விஷயங்களைச் சொல்லும் அறிவு நூல்களை நாம் முன்கூட்டியே அதன் கையில் கொடுக்கவில்லை. குறை அங்கேதான்.

பந்தாட்டச் சோதனை

இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1988-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 7, 8-ம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம், "பேஸ்பால்" என்ற பந்தாட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்ததைச் சிறு பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள்.

முடிவு என்ன தெரியுமா? வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்கள் பின்தங்கினார்கள். வாசிப்பில் மந்தமாக இருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள் அவர்களை மிஞ்சினார்கள்!

ஆகவே, விஷயம் தெரிந்தால் வாசிப்பு புரியும். வாசித்தால் மேலும் விஷயம் தெரியும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

அந்த நாட்டிலும் இந்தக் குறை இருந்தது. நெல் டியூக் என்ற அம்மையார் முதல் வகுப்பு அறைகள் இருபதைக் கவனித்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அறிவு நூல்களுக்குக் கிடைத்த நேரம் ஒரு நாளைக்குச் சராசரி 3.6 நிமிடம்தான்!

வீட்டிலேயே புத்தகம்

கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கதையும் வேண்டும், அறிவு நூலும் வேண்டும்.

அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. நாள்காட்டித் தாள், பஸ் பலகை, ரேஷன் கடை விலைப்பட்டியல், பத்திரிகையின் வானிலைச் செய்தி எல்லாமே பாடம்தான். கபடி பிடித்த பையனுக்குக் கபடிச் செய்தியைக் கொடுங்கள்.

புத்தகமும் உண்டு. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் "குழந்தைகள் கலைக்களஞ்சியம்" என்று 10 தொகுதிகள் வெளியிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் குழந்தைகளுக்காக "துளிர்" என்ற அறிவியல் இதழைத் தொடங்கியது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எப்படிப் படிப்பது?

முதலில் தலைப்பையும் படத்தையும் காட்டுங்கள். "இதில் என்ன சொல்லியிருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு நான்கைந்து வரி படிக்கட்டும். புதுச் சொல் வந்தால் நிறுத்தி, வீட்டில் உள்ள பொருளைக் கொண்டே விளக்குங்கள். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதைக் காட்டினால் "ஆவியாதல்" புரிந்து விடும்.

கடைசியில் ஒரு கேள்வி. "குயில் கூடு கட்டுவதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிடும்" என்று படித்தால், "குஞ்சுக்கு இரை கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். குழந்தை யோசிக்கும். யோசித்தால் பொருள் மனதில் தங்கும்.

தாய்மார்களே! உங்களுக்கே இப்போதுதான் எழுத்துக் கூட்ட வருகிறதா? வெட்கப்பட வேண்டாம். எழுத்தைக் குழந்தை வாசிக்கட்டும். விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள். விதை, மழை, மாடு, சமையல், சந்தை பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாடப் புத்தகத்தில்கூட இருக்காது.

தினமும் பத்து நிமிடம் போதும். இன்றைக்கு இந்தப் பத்திரிகையிலேயே தொடங்கலாம்.