நமுத்த வெடிக்கு ஆயிரம் கோடி லேபிள்

படம் எப்படி என்று கேட்டால் படத்தைப் பற்றிப் பதில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பாட்டு தேறும், செகண்ட் ஹாஃப் இழுவை, க்ளைமாக்ஸில் கண் கலங்கிருச்சு... இப்படி ஏதாவது வரும். இப்போது அதே கேள்விக்கு வருகிற பதில்: "மூணு நாள்ல நூத்தம்பது கோடி மச்சி!" கேட்டது படத்தைப் பற்றி, சொன்னது கல்லாவைப் பற்றி. அந்தக் கல்லாவில் சொன்னவனுக்குப் பத்து பைசா பங்கு கிடையாது. டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் கைக்காசை அதில் போட்டுவிட்டு வந்தவன் அவன்.

தமிழ்நாடு முழுக்க இருக்கிற வியாதிதான். ஆனாலும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டுமாவது இது தொற்றியிருக்கக் கூடாது.

சிவகாசி லேபிள் அடிக்கிற ஊர். பட்டாசுப் பெட்டி மேல் சூப்பர் ஹீரோ பறப்பார், சினிமா ஸ்டார் சிரிப்பார், புலி பாயும். உள்ளே இருப்பது என்னவோ அதே வெடிதான். லேபிள் வேறு, மருந்து வேறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரி பற்றி 'புஸ்ஸ்' என்று அடங்கிவிட்டால், "இந்த ரகம் இருபதாயிரம் பெட்டி வித்திருக்கு தெரியுமா?" என்று எந்தக் கடைக்காரரும் வாதாட மாட்டார். வாதாடினால் மறு தீபாவளிக்கு அந்தத் தெருக்காரர்கள் வேறு கடைக்குப் போவார்கள்.

விருதுநகரோ விலை சொல்கிற ஊர். பருப்பும் எண்ணெயும் மல்லியும் வத்தலும் இங்கே என்ன விலைக்குப் போகிறது என்பது 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் வரும். அதில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அளவு இருக்கும். எண்ணெய் என்றால் 15 கிலோ டின், பருப்பு என்றால் 100 கிலோ மூட்டை. வெறுமனே "உளுந்து ஒன்பதாயிரம்!" என்று போட்டால் எதற்கு ஒன்பதாயிரம், கிலோவுக்கா வண்டிக்கா என்று சிரிப்பார்கள். சினிமா போஸ்டரில் மட்டும் "500 கோடி" என்று போட்டால் யாரும் 'எதற்கு?' என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அது. பி.காம். முதல் செமஸ்டர் தாண்டிய யாருக்கும் விளங்கும் கணக்குதான். போஸ்டரில் வருவது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். அதில் ஒரு பங்கு ஜிஎஸ்டியாகப் போய்விடும். மிச்சத்தில் உள்ளாட்சியின் கேளிக்கை வரி இருக்கிறது. அதுவும் போக இருப்பதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் எழுபது சதவீதத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்பது தியேட்டர்காரர்களின் பல வருடப் புலம்பல். விநியோகஸ்தர் கைக்கு வருவதுதான் ஷேர். அவர் எம்.ஜி. கொடுத்து எடுத்திருந்தால் அந்த ஷேர் கொடுத்த முதலைத் தாண்ட வேண்டும். தாண்டினால்தான் லாபம். ஆக 500 கோடி கிராஸ் என்கிற படம் ஒரு ஏரியாவில் விநியோகஸ்தரைத் தெருவில் நிறுத்தியிருக்கவும் கூடும். இந்த விவரம் எதுவும் போஸ்டரில் இருக்காது. விற்பனையைச் சொல்லிவிட்டுச் செலவை மறைத்த ஒரு லாப நட்டக் கணக்கை இன்டர்னல் தேர்வில் எழுதினால் எத்தனை மார்க் விழும்?

கதை விடவில்லை. 'லிங்கா' 2014 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதமே, 2015 ஜனவரியில், அந்தப் படத்தை வாங்கிய விநியோகஸ்தர்கள் நஷ்டஈடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அதற்கு முன் 'பாபா' (2002) சறுக்கியபோது ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை இன்றும் தியேட்டர்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு தொழிலில் நஷ்டக் கணக்கு வெளியே வருவதற்கு ஒன்று உண்ணாவிரதம் வேண்டும், இல்லை ஒரு சூப்பர் ஸ்டாரின் நல்ல மனசு வேண்டும் என்றால் அந்தத் தொழிலின் கணக்குப் புத்தகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது? 2020 பிப்ரவரியில் 'பிகில்' சம்பந்தப்பட்டவர்கள் இடங்களில் வருமானவரிச் சோதனை நடந்தபோது, அதிகாரிகளின் அறிக்கையிலேயே அந்தப் படம் கிட்டத்தட்ட 300 கோடி வசூல் என்று இருந்தது. ஊருக்குச் சொன்ன எண்ணை ஒருநாள் வருமானவரிக்காரனும் படிப்பான் என்பது பில்டப் கொடுக்கிறவர்களுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சூப்பர் ஹீரோ படங்களுக்கு வருவோம். இந்த நோய் முற்றிய வார்டு அதுதான். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரலில் வந்தது. தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். அதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. (அந்தச் சண்டையாவது படத்தைப் பற்றியது, வாழ்க!) உலகம் முழுக்கச் சுமார் 279 கோடி டாலர் வசூலித்து 2019 ஜூலையில் 'அவதார்' படத்தை முந்தியது, உலகின் நம்பர் ஒன் என்று கொண்டாடினார்கள். 2021 மார்ச்சில் சீனாவில் 'அவதார்' மறுபடி ரிலீஸ் ஆனது, எண்ட்கேம் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. இரண்டு வருடத்தில் எண்ட்கேமில் ஒரு ஃப்ரேம் மாறவில்லை, அவதாரிலும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? 2023-இல் அதே கம்பெனியின் 'தி மார்வெல்ஸ்' இருபது கோடி டாலர் சொச்சத்தில் நின்றுவிட்டது. அதுவரை "வசூலைப் பார், வாயை மூடு" என்று விமர்சகர்களை அடக்கிய ரசிகர்கள், அன்றைக்கு "வசூலை வைத்துப் படத்தை எடை போடாதே" என்றார்கள். பலே!

இன்னொரு பக்கம் 'மின்னல் முரளி'. பேசில் ஜோசப் இயக்கி 2021 கிறிஸ்துமஸுக்கு நெட்ஃபிளிக்ஸில் நேராக வந்த மலையாளப் படம். ஹீரோ ஒரு டெய்லர். வில்லன் நம் குரு சோமசுந்தரம். தியேட்டருக்கே வராததால் அந்தப் படத்துக்கு வசூல் எண் என்று ஒன்று கிடையாது. விளைவு? படத்தைப் பற்றிப் பேசுவதைத் தவிர யாருக்கும் வேறு வழி இல்லை! வில்லனின் காதல் ஏன் ஹீரோவின் காதலைவிட மனசைப் பிசைகிறது, ஊர் ஏன் ஒருவனைக் கொண்டாடி இன்னொருவனைக் கல்லெறிகிறது என்றெல்லாம் ஆளாளுக்கு எழுதினார்கள். 'முகமூடி' 2012-இல் வந்தபோது மிஷ்கின் ஒரு சூப்பர் ஹீரோவைக் குங்ஃபூ பள்ளியிலிருந்து எழுப்பப் பார்த்தது எங்கே தடுக்கி விழுந்தது என்று இப்படி யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், அடுத்து வந்தவர்களுக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும். "படம் ஃப்ளாப்" என்ற இரண்டு சொல்லில் பேச்சு முடிந்துவிட்டது.

சிவகாசிக்கு சூப்பர் ஹீரோ புதுசும் இல்லை. இரும்புக்கை மாயாவியை 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அந்த ஆள் பிரிட்டிஷ் பத்திரிகையில் பிறந்தவர். தமிழ்நாட்டில் அவருக்கு விலாசம் சிவகாசி. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது, பின்னாலேயே கூர்மண்டை ஸ்பைடரும் வந்தார். அந்தக் காமிக்ஸின் ஆசிரியர் எஸ்.விஜயன் நடத்தும் வலைப்பூவுக்குப் போய் வாசகர்கள் பேசுவதைப் பார்க்க வேண்டும். மாயாவியைக் கும்பிடுகிறவர் ஒருவர், "இதையெல்லாம் இந்த வயசில் எப்படிச் சார் படிப்பது?" என்று வாருகிறவர் ஒருவர், மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை சரியில்லை என்று மல்லுக்கட்டுகிறவர் ஒருவர். ஆசிரியர் பதில் சொல்கிறார், சில சமயம் நோகிறார், அடுத்த இதழைப் போடுகிறார். மொத்தமாகச் சில ஆயிரம் வாசகர்களை நம்பி நடக்கிற பதிப்பகத்துக்கு இருக்கிற நெஞ்சுரம் முந்நூறு கோடி போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை.

விமர்சகர்களையும் சும்மா விட முடியாது. இந்த எண் விளையாட்டுக்கு வாசலைத் திறந்துவிட்டவர்களில் அவர்களும் உண்டு. ஒரு காலத்தில் விகடன் எத்தனை மார்க் போட்டது என்பதுதான் பேச்சு. '16 வயதினிலே' வாங்கிய 62.5 இன்றும் பல பேருக்கு மனப்பாடம். அதுவும் எண்தான், ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட எண். இப்போதைய விமர்சனத்தின் கடைசி வரி என்ன? "பி, சி சென்டரில் பிச்சுக்கிட்டு ஓடும்." சென்னையில் ஏசி தியேட்டரில் உட்கார்ந்து ஒருவர் தனக்குப் பிடிக்காத படத்தைச் சாத்தூர்க்காரனுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறார். சாத்தூர்க்காரன் முட்டாளா? பி, சி சென்டர் என்பது விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி, ராஜபாளையம். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்து, அதில் மிச்சம் பிடித்து டிக்கெட் எடுக்கிற சனம். அவர்களுக்குத்தான் படம் நல்லா இருக்கா இல்லையா என்கிற தகவல் மற்ற எல்லாரையும்விட அவசியம். அவர்களிடம் போய் "உங்கள் ஊரில் ஓடும்" என்று சொல்வது விமர்சனம் கிடையாது, ஏஜென்ட் வேலை.

ஊர்ப் பெருமை பேசியாகிவிட்டது, ஊரின் பில்டப்பையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களாகத் தீபாவளி முடிந்ததும் "6,000 கோடிக்குப் பட்டாசு விற்பனை" என்று செய்தி வருகிறது. அந்த எண்ணுக்குள் மருந்துக் கலவை அறையில் வேலை பார்க்கிறவரின் தினக்கூலி எவ்வளவு என்பது இல்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்ததும், 2025 ஜூலையில் சின்னகாமன்பட்டியில் நடந்ததும் இல்லை. கோடிக் கணக்கு எப்போதும் இப்படித்தான். கண்ணை எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே திருப்பிவிடும். 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அதற்கு அடுத்த நாட்களிலும் வசூல் போஸ்டர் ஒரு நாள் தவறவில்லை.

இந்தக் கூத்தின் உச்சம் 'கங்குவா'. ரிலீஸுக்கு முன்னால் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா 2,000 கோடி வசூலை எதிர்பார்ப்பதாகப் பேசினார். 2024 நவம்பர் 14 அன்று படம் வந்தது. காது கிழிகிறது என்று முதல் காட்சியிலிருந்தே புகார். தியேட்டர்களில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஜோதிகாவே படத்தை ஆதரித்து எழுதிய பதிவில் முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். (பட்டாசுக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று சட்டம் உண்டு. பாவம் சிவகாசிக்காரர்கள், பின்னணி இசை போடப் போயிருக்கலாம்.) 2,000 கோடியின் பக்கத்தில்கூடப் படம் போகவில்லை. உடனே குற்றவாளி யார்? விமர்சனம்! அதே மாதம் தயாரிப்பாளர் சங்கம், முதல் நாள் தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. இன்னொரு சங்கம் ஒரு படி மேலே போய், முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்லி நீதிமன்றம் 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

ஏன் மூன்று நாள்? வெள்ளி, சனி, ஞாயிறு. கல்லா நிறைகிற நாள். நமுத்த வெடியைத் திங்கட்கிழமை வரை யாரும் நமுத்தது என்று சொல்லக் கூடாது, அதற்குள் பெட்டி தீர்ந்துவிடும். வசூலை மட்டும் முதல் நாள் சாயங்காலமே சொல்லலாமாம், அதற்குத் தடை வேண்டாமாம்! தனிப்பட்ட முறையில் நடிகரைக் கேவலமாகத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அதற்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. அந்த நாலு பேரைக் காட்டி, பணம் கொடுத்துப் பார்த்த எல்லாருடைய வாயையும் எதற்குத் தைக்க வேண்டும்?

விமர்சனம் படத்தைக் கொல்கிறது என்கிறவர்கள் 2025 மே 1-ஆம் தேதியைப் பார்க்கட்டும். ஒரே நாளில் சூர்யாவின் 'ரெட்ரோ'வும், அபிஷன் ஜீவிந்த் என்ற புது இயக்குநரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தன. இரண்டாவது படத்துக்குப் பெரிய ஸ்டார் கிடையாது, கட்அவுட் கிடையாது. பார்த்தவர்கள் முதல் நாளே நல்லா இருக்கு என்று சொன்னார்கள், மறுநாள் கூட்டம் வந்தது. அதே ஆகஸ்டில் 'லோகா' என்ற மலையாள சூப்பர் ஹீரோ படத்தைத் தூக்கிவிட்டதும் இதே வாய்ப்பேச்சுதான். முதல் மூன்று நாள் யாரும் பேசக் கூடாது என்று சட்டம் இருந்திருந்தால் திங்கட்கிழமை 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைத் தியேட்டரிலிருந்து தூக்கியிருப்பார்கள்.

கேரளத் தயாரிப்பாளர் சங்கம் 2025 தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தது. அந்தந்த மாதம் வந்த படங்களின் பட்ஜெட் எவ்வளவு, கேரளத் தியேட்டர்களிலிருந்து வந்த ஷேர் எவ்வளவு என்று படம் படமாகப் பட்டியல் வெளியிட்டது. பல படங்களின் மானம் போனது, சிலர் சண்டைக்கும் வந்தார்கள். ஆனாலும் அது பக்கத்தில் அளவு போட்ட விலைப்பட்டியல், விருதுநகர் மார்க்கெட் நிலவரம் மாதிரி. தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு நீதிமன்றம் போக நேரம் இருக்கிறதென்றால் இதற்கும் இருக்கும். அடுத்த ஆயிரம் கோடிப் போஸ்டர் ஒட்டும்போது கீழே சின்ன எழுத்தில் மதுரை-ராமநாதபுரம் ஏரியா ஷேர் எவ்வளவு என்றும் சேர்த்து அடிக்கட்டும். அச்சடிக்கச் சிவகாசியில் இடம் இருக்கிறது.