விமானத்தில் ஓட்டை போட்ட விளையாட்டுச் சாமான்!

எடை கால் கிலோ கூட இல்லை. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். அந்தச் சின்னஞ்சிறு "டிரோன்", தீயை அணைக்கப் போன விமானத்தையே தரையில் உட்கார வைத்துவிட்டது!

2025 ஜனவரியில் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாலிசேட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. ஆயிரக்கணக்கான கட்டிடங்கள் சாம்பலாயின. கனடாவில் இருந்து வந்த 2 விமானங்கள் கடலை உரசிப் பறந்தன. பன்னிரண்டே வினாடியில் ஏறக்குறைய 6 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அள்ளித் தீயில் கொட்டின.

அங்கே டிரோன் விடத் தடை இருந்தது. ஒருவர் கேட்கவில்லை. தீயை வேடிக்கை பார்க்கும் ஆசை! சான்டா மானிக்காவில் கார் நிறுத்தும் கட்டிடத்தின் உச்சியில் இருந்து டிரோனைப் பறக்க விட்டார். அது இரண்டரை கிலோ மீட்டர் போய், அவர் கண்ணுக்கு மறைந்தது. 9-ந் தேதி, விமானத்தின் இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டது.

கால் கிலோவுக்கு அவ்வளவு பலமா? டிரோனின் பிளாஸ்டிக் ஓடு நொறுங்கிவிடும். உள்ளே இருக்கும் மோட்டாரும் பாட்டரியும் அப்படி அல்ல. பாய்ந்து வரும் விமானத்தை அவை கல்லெறி போலத் தாக்கும். பறவையாவது விலகப் பார்க்கும், டிரோன் விலகுமா?

நல்லவேளை, விமானி பத்திரமாக இறங்கினார். ஆனால் ஊர் எரிந்துகொண்டிருக்க, அந்த விமானம் சில நாள் பழுது பார்க்கும் கொட்டகையில் கிடந்தது. டிரோன் விட்டவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நஷ்டஈடு கட்டவும் சம்மதித்தார்.

நம் நாட்டின் 2021-ம் ஆண்டு விதிகளிலும் 250 கிராம் வரையுள்ள டிரோனை ஓட்ட லைசென்ஸ் கேட்கவில்லை. ஆனால் தடை செய்த வானில் அதுவும் அனுமதி இன்றிப் பறக்கக்கூடாது.