தீயை அவங்க பார்த்துக்குவாங்க... ரோட்டை யார் பார்ப்பது?

பங்குனி, சித்திரை வெயிலில் நம்ம ராமநாதபுரம் சீமையில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான் இது. ரோட்டோரக் கருவேலங்காட்டில் யாரோ வீசிய பீடித்துண்டு, இல்லைன்னா குப்பைக்கு வைத்த நெருப்பு. காய்ந்த புல்லில் பிடித்து பனைமரத்தில் ஏறும். கடல்காத்து திரும்பினா புகை மொத்தமும் ரோட்டை மூடிடும்.

தீயணைப்பு வண்டி வரும். ஒதுங்க இடமில்லாமல் ரோட்டிலேயே நிற்கும். வீரர்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தண்ணீர் அடிக்கணும். அந்த முதுகுக்குப் பின்னால் என்ன வருது? ராமேஸ்வரத்துக்கு விடிய விடிய ஓட்டி வந்த வேன், மீன் லாரி, பஸ். புகைக்குள் ஆள் நிற்பது கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு, தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது வழிவிடுவதைப் பற்றித்தான். வண்டி வந்து நின்ற பிறகு, இறங்கி வேலை செய்கிற மனுசனுக்கு என்ன பாதுகாப்பு? அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குத் தனிச் சட்டமே இருக்கு: அவசர வண்டி நின்றால் விலகிப் போ, முடியலைன்னா வேகத்தைக் குறை.

நாம் கேட்பது பெரிய செலவு இல்லை:

🔴 ரோட்டோரத் தீ என்று அழைப்பு வந்தால், தீயணைப்பு வண்டியோடு போக்குவரத்துக் காவலர்களும் போகணும். புகை அதிகமானால் இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்தணும்.

🔴 ஒவ்வொரு வண்டியிலும் ஒளிரும் கூம்புகள், எச்சரிக்கை விளக்குகள். ஒவ்வொரு வீரருக்கும் இரவில் மின்னும் மேல்சட்டை.

🔴 கோடைக்கு முன்பே நெடுஞ்சாலை ஓரக் கருவேலத்தை வெட்டணும்.

🔴 பரமக்குடி–ராமநாதபுரம் நாலுவழிச் சாலைக்கு 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு. அந்தச் சாலையில் அவசர வண்டி ஒதுங்கி நிற்க இடம் விட்டே போடுங்க.

நம்ம பங்கும் இருக்கு, தோழர்களே. புகை தெரிந்தால் வேகத்தைக் குறைங்க, முந்தாதீங்க. வேடிக்கை பார்க்க, வீடியோ எடுக்க வண்டியை நிறுத்தாதீங்க. பாம்பன் பாலத்தில் படம் எடுக்க நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். தீவுக்குள்ள போக அந்த ஒரு ரோடுதான்!

நம்ம பனையைக் காப்பாத்த வந்தவர், நம்ம வண்டியில் அடிபட்டுப் போகக் கூடாது.

தீ என்றால் 101 அல்லது 112. பகிருங்கள்.

#வேகத்தைக்குறை #தீயணைப்புவீரர்பாதுகாப்பு #ராமநாதபுரம்