கவ்வாத்துக் கத்தியை இரும்புக்காரரிடம் போடாதீர்கள்



தரம் 9 பிள்ளைகளைத் தென்பகுதிக்குச் சுற்றுலா கூட்டிப்போன ஆசிரியர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். போகும் வழியில் அம்பலாங்கொடையில் ஆரியபால முகமூடி நூதனசாலையைப் பார்த்தோம். "பேய் முகமூடியை எதற்குப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்கள்?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பார்த்து அறிந்துகொள்வது வேறு, நம்புவது வேறு. பக்கத்து வீட்டு மக்களின் கலையை அறிந்துகொள்வதால் யாருடைய ஈமானும் குறைந்துவிடாது.

அங்கே நாங்கள் பார்த்தது ஒரு குடும்பத்தின் உழைப்பு. கடலோரச் சிற்றூர் அது. தலைமுறை தலைமுறையாக முகமூடி செதுக்கிய குடும்பம், 1987இல் அந்த நூதனசாலையைத் திறந்தது. கோலம் நாடகத்தின் ராஜா, ராணி, முதலி, நாகராட்சசன் எல்லாம் அங்கே உண்டு. நோய்களை விரட்ட ஆடும் பதினெட்டு சன்னி முகங்களும் உண்டு. பாரமில்லாத கதுரு மரத்தில் செதுக்குகிறார்கள். பட்டறை, கடை, நூதனசாலை மூன்றும் ஒரே இடத்தில். விற்பனை வருமானம் கலையைக் காக்கிறது, கலை விற்பனையைக் காக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்க தாத்தாவோட கவ்வாத்துக் கத்தி வீட்ல துருப்பிடிச்சிக் கெடக்கு. அதையும் இப்படி வைக்கலாமா?"

"கட்டாயம் கொண்டு வா" என்றோம். மறுவாரம் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டார்களாம்.

குற்றம் அந்த வீட்டில் இல்லை. கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்கு அது வெறும் இரும்புதான். அதற்கு ஒரு பெறுமதி உண்டு என்று சொல்லிக் கொடுக்காதது நாங்கள்.

1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தது. இன்றும் தினமும் வெளிநாட்டவர் இங்கே இறங்கி, நேரே நுவரெலியாவுக்கு வேன் ஏறுகிறார்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பாட்டி யார், எந்தக் கூடையைச் சுமந்தார் என்று சொல்ல நம் ஊரில் ஓர் அறைகூட இல்லை.

முடியாத காரியம் அல்ல. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் தொடங்கியிருக்கிறார்கள். லயத்தைவிடப் பொருத்தமான கட்டிடம் வேறு எங்கே கிடைக்கும்?

நாங்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை. பாடசாலையில் ஒரு அலுமாரி ஒதுக்குகிறோம். கொழுந்துக் கூடை, காமன் கூத்துக்குக் கட்டிய சலங்கை, தப்பு, பழைய செக்ரோல் துண்டு, பிரஜாவுரிமைக் கடிதம், எதுவானாலும் தாருங்கள். பஸாரில் கடை வைத்திருந்த எங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்கும் சொல்கிறோம்: வாப்பாமார் எழுதிய பற்றுக் கொப்பிகள் பரணில் கிடந்தால் எரிக்காதீர்கள். தோட்டத்து மக்கள் எந்த மாதம் அரிசிக்குக் கடன் பட்டார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கடன்காரரின் பெயரை மறைத்தே வைப்போம்.

கொடுத்தவர் பெயரை எழுதி வைப்போம். திருப்பிக் கேட்டால் திருப்பித் தருவோம். முதல் பொருளாக ஒரு கவ்வாத்துக் கத்தி வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?