கரையில் ஒரு பகல்

கப்பலில் உல்லாசப் பிரயாணம் போகிறவர்களுக்கு ஒரு துறைமுகத்தில் கிடைப்பது ஒரே ஒரு பகல். காலையில் படி இறக்குவார்கள். மாலை மயங்குவதற்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றி நம்மவர்கள் இப்போது வரிந்து கட்டிக்கொண்டு வாதம் செய்கிறார்கள். கையில் காசு வந்திருக்கிறது, கடலைப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

கப்பல் கொழும்பில் நிற்கிற நாளில் ரயிலேறிக் கண்டிக்குப் போய்விட்டு வருவது புத்திசாலித்தனமா, அசட்டுத்தனமா என்பது வழக்கு. அசட்டுத்தனம் என்கிற கட்சிதான் பலமானது. நான் எதிர்க்கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அது இன்னும் பெரிய சண்டை. முதலில் சின்னதை முடித்துக்கொள்கிறேன்.

2024-ஆம் வருஷம் தை மாதம் கொச்சியில் கப்பலேறினேன். கொழும்பை அடைவதற்கு முந்தின இரவு, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த சென்னை நண்பர் என் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏன் ஸார், ரயிலை நம்ம ஊரில் பார்த்ததில்லையா? போக மூணு மணி, வர மூணு மணி. பாக்கி என்ன இருக்கு? நாங்க பஸ்ஸில் போறோம். கங்காராமைக் கோயில், சுதந்திரச் சதுக்கம், ரத்தினக் கடை, துணிக்கடை, எல்லாம் ஒரே நாளில் முடிஞ்சுடும்.”

‘முடிஞ்சுடும்’ என்றார், பாருங்கள். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. ஏனென்றால் நான் வசிப்பது சமயபுரத்தில். எங்கள் ஊருக்கு நாள் தவறாமல் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மணி நேரம், திருவானைக்காவில் அரை மணி, சமயபுரத்தில் முக்கால் மணி, மலைக்கோட்டையைக் கீழே நின்றபடியே ஒரு கும்பிடு. “திருச்சி முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பார்த்த சமயபுரம் எது? செருப்பு விடும் இடம், தேங்காய்க் கடை, வரிசைக் கம்பி, ஆத்தாளின் முகம் ஒரு நொடி. மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் ஆரம்பித்து இருபத்தெட்டு நாள் அவள் பச்சைப் பட்டினி கிடக்கிறாளே, அது அவர்களுக்குத் தெரியாது. ஊரில் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம், அவ்வளவுதான். மற்ற ஊர்களில் பக்தன் தெய்வத்துக்காக விரதம் இருக்கிறான். எங்கள் ஊரில் தெய்வம் ஜனங்களுக்காக விரதம் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் இது கண்ணில் படுமா? தரிசனம் ஆகும், ஊர் ஆகாது.

ஆகையால்தான் சொல்கிறேன்: கரையில் ஒரு பகல்தான் உண்டு என்றால் ஏழு இடங்களில் இறங்கி ஏறாதீர்கள். ரயிலில் ஏறி உட்காருங்கள். பஸ் உங்களைக் கடைக்கடையாகக் கொண்டுபோய் நிறுத்தும். ரயிலில் அந்த நாடே உங்கள் பக்கத்து ஆசனத்தில் வந்து உட்காரும். பள்ளிக்கூடத்துப் பையன், ஆபீஸ் குமாஸ்தா, மஞ்சள் அங்கி பிக்கு, இறால் வடை விற்கிறவன் எல்லாரும் வருவார்கள். யாரும் உங்களுக்காக வேஷம் கட்டிக்கொண்டு வரவில்லை. அவரவர் ஜோலிக்குப் போகிறார்கள். ஒரு தேசத்தை அது தன் ஜோலியில் இருக்கும்போது பார்ப்பதைவிட வேறு என்ன பாக்கியம் வேண்டும்?

கப்பல் நமக்காகக் காத்திருக்காதே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம். கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்த உலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; நாமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் போய்விடும். அதற்கு வழி இருக்கிறது. போகும்போது ரயிலில் போங்கள். திரும்பும்போது வாடகைக் காரில், இரண்டு மணி நேரம் கையிருப்பு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கண்டி வரை போக நேரமில்லையா, கடுகண்ணாவையில் இறங்கிவிடுங்கள். அங்கே ஒரு ரயில்வே மியூசியம்கூட இருக்கிறது. கோட்டை ஸ்டேஷன் துறைமுகத்துக்கு வெகு தூரமில்லை. போகும்போது வலப்பக்கத்து ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ரம்புக்கணை வரையில் தென்னையும் வயலுமாகத் தஞ்சாவூர் ஜில்லா போலவே இருக்கும். அதற்கப்புறம் நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி வீதம் ரயில் மலை ஏறுகிறது. குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் வலப்பக்கம் பூமியே இல்லை, பள்ளத்தாக்குதான்.

சின்னச் சண்டை முடிந்தது. பெரிய சண்டைக்கு வருகிறேன்.

என் கட்சிக்காரர்கள், அதாவது ரயிலில் போகலாம் என்கிறவர்கள், ‘இயற்கைக் காட்சி’ என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பலில் எல்லா அறைகளிலும் ஒரு வர்ணத்தாள் போட்டிருந்தார்கள். மலை, மேகம், பச்சை, ‘கண்ணுக்கு விருந்து’ என்று வர்ணனை. வெள்ளைக்கார எஞ்சினீயர்களின் சாமர்த்தியத்துக்கு இரண்டு பத்தி. பாதையைப் போட்ட கைகளுக்கு ஒரு வரி கிடையாது.

இயற்கையாம்! அந்தப் பாதையில் எது ஐயா இயற்கை? மலை இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். மலையைக் குடைந்தது இயற்கையா? காடு இருந்த இடத்தில் காப்பியும், பிறகு தேயிலையும் நிற்கிறதே, அது இயற்கையா? அந்த ரயில் உங்களுக்கும் எனக்கும் காட்சி காட்டுவதற்காகப் போட்டதல்ல. மலைநாட்டுக் காப்பியை மாட்டுவண்டியில் இறக்கிக் கட்டுப்படியாகவில்லை என்று தோட்டத் துரைமார் சர்க்காரை நச்சரித்துப் போட வைத்த பாதை. 1858-இல் முதல் மண் வெட்டினார்கள். 1867-இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே 1867-இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருஷத்தில் காப்பி இலையில் நோய் கண்டது. காப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது. ரயிலும் கண்டியோடு நிற்காமல் தேயிலையைத் துரத்திக்கொண்டு ஏறி, 1924-இல் பதுளையில் போய் நின்றது.

காப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டியவர்கள் யார்? பாதைக்குக் கல் சுமந்தவர்களில் பெருங்கூட்டம் யார்? நம் ஜில்லாக்காரர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம். கங்காணி கொடுத்த முன்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டவர்கள். ஆரம்ப காலத்தில் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

இதில் திருச்சிக்குத் தனிப் பங்கு உண்டு. 1904-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்கென்று ஏற்பட்ட இலங்கைத் தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமை ஆபீஸ் எங்கே தெரியுமா? சென்னையில் அல்ல, கொழும்பில் அல்ல, நம் திருச்சிராப்பள்ளியில்! இங்கே எழுதிக் கொண்டார்கள், ரயிலேற்றினார்கள், மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள், கழுத்தில் தோட்டத்து நம்பர் போட்ட தகரத் துண்டைக் கட்டிக் கடல் தாண்ட வைத்தார்கள். மாட்டுக்குக்கூட நம் ஊரில் மணிதான் கட்டுவார்கள்.

இதையெல்லாம் நான் புஸ்தகத்தில் படித்ததோடு சரி என்று இருந்திருக்கலாம். கண்டி ரயிலில் இரண்டாம் வகுப்பில் எனக்கு எதிரே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்க்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். கண்டியில் இறங்கி ஹட்டனுக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

“ஐயா எந்த ஊருங்க?”

“திருச்சிப் பக்கம், சமயபுரம்.”

கிழவி இரண்டு கைகளையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அல்ல, ஊர்ப் பெயருக்கு.

“ஆத்தா ஊருங்களா! எங்க தோட்டத்துலயும் மாரியாத்தா இருக்காங்க. எங்க தாத்தாவும் திருச்சிப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. ஊர்ப் பேருதான் தெரியல. அவரு துண்டு ஒண்ணு வீட்டுல இருந்திச்சு. அதக் கொண்டாந்து காட்டுனா ஊரக் கண்டுபிடிக்கலாம்னு எங்கப்பா சொல்லும். எண்பத்து மூணுல வீடு எரிஞ்சப்ப அதுவும் போயிருச்சு.”

பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “ஐயா வெள்ளாமைக் காலத்துல காவேரியில தண்ணி வருதுங்களா?” என்று கேட்டாள். காவேரியை அவள் பார்த்ததில்லை. அவள் அப்பனும் பார்த்ததில்லை.

வலப்பக்கம் பள்ளத்தாக்கு வந்தது. பெட்டியில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் எழுந்து படம் பிடித்தார்கள். கிழவி எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

அவள் தாத்தாவை அழைத்துப் போனவர்கள் ஒரு வகை. அவளுடைய அப்பனை என்ன செய்தார்கள்? இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் வருஷமே குடியுரிமைச் சட்டம் ஒன்று போட்டு இந்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடு மாடு பாகம் பிரிக்கும்போதுகூட, எது எங்கே மேய்ந்து பழகியது என்று கேட்பார்கள். இவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களையாவது நாம் சொந்தக்காரர்களாக வரவேற்றோமா? ‘சிலோன்காரர்கள்’ என்றோம். 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களில் இந்த மலையகத்து ஜனங்களும் உண்டு. அகதி என்று எழுதி முகாமில் வைத்தோம். திருச்சி முகாம்களில் இருந்த இவர்களில் 65 பேர், ‘எங்கள் முன்னோர் இந்த மண்ணிலிருந்து போனவர்கள், எங்களுக்குக் குடியுரிமை கொடுங்கள்’ என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப்போட வேண்டி வந்தது. 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. மனுக்களைச் சர்க்கார் பரிசீலிக்க வேண்டும் என்றார் நீதிபதி. கொட்டப்பட்டு முகாம் எங்கே இருக்கிறது? திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில். கொழும்புக்கு உல்லாசமாகப் பறக்கிறவர்கள் அதன் வழியாகத்தான் போகிறார்கள். அங்கே ‘காட்சி’ ஒன்றும் இல்லை. ஆகையால் யாரும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவதில்லை.

“பொழுதுபோக்குக்குப் போன இடத்தில் அழச் சொல்கிறீரா?” என்று கேட்கலாம். அழச் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள், சிரியுங்கள், படம் பிடியுங்கள். நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் தாத்தா வெட்டிய கிணற்றைப் பேரன் வேடிக்கை பார்க்கப் போகும்போது, ‘தண்ணீர் எவ்வளவு அழகு!’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவனை என்னவென்று சொல்வது? வெள்ளைக்காரனுக்கு அது காட்சியாக இருக்கலாம். அவன் மறப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருச்சிக்காரனுக்கு என்ன காரணம்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை உலுக்கியது. மலைநாட்டில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மலை ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. அந்தச் செய்தி வந்த வாரம், பிரயாணத்துக்குப் பணம் கட்டியிருந்த ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ரயில் எப்போ ஸார் திரும்ப விடுவாங்க?” லயத்து வீடுகள் என்னவாயின என்று அவர் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கோயிலுக்குக் கொடுப்பவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வர்ணத்தாளில் அச்சடிக்காததை அவர் எங்கே படிப்பார்?

ஆகவே கப்பல் கம்பெனிக்காரர்களுக்கும் பிரயாண ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழனிடம் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறீர்கள். எஞ்சினீயருக்குக் கொடுத்த இரண்டு பத்தியில் ஒரு பத்தியைக் கூலிக்குக் கொடுங்கள். காகிதம் ஒன்றும் அதிகம் செலவாகாது.

பிரயாணிகளுக்கு ஒரு வார்த்தை. தனிப் பெட்டியும் குளிர்சாதனமும் ஒலிபெருக்கியும் வேண்டாம். சாதாரண டிக்கெட் வாங்குங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். 2023-இல், தங்கள் முன்னோர் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தே போனார்கள். அவர்கள் நடந்த தூரத்தில் கால்வாசிகூட உங்களை நடக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

எங்கள் சமயபுரத்தாள் தன் ஜனங்களுக்காக வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள் பட்டினி கிடக்கிறாள். கடலைத் தாண்டிப் போன ஜனங்களை அவள் கணக்கிலிருந்து தள்ளிவிட்டதாக ஒரு செய்தியும் இல்லை. தள்ளியவர்கள் நாம்தான்.