கால் போனால் காசு உண்டு, மாத்திரைக்கு இல்லை!

தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பது. பத்து வருடமாக சுகர். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர் ஃபீஸ். எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24,000. இது போக ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் 20,000.

ஆக மொத்தம் 44,000. இதில் அந்த சுகருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குத் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? பூஜ்யம். அதோடு நிற்கவில்லை. "இந்த வருடம் நீங்கள் கிளெய்ம் எதுவும் செய்யவில்லை, சந்தோஷம்" என்று போனஸாகக் காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு ஒரு கடிதமும் வருகிறது. மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் காசை எண்ணி வைத்த மனிதர், கம்பெனியின் ஏட்டில் நோயே இல்லாதவர்!

அப்புறம் ஒரு ஜூன் மாதம் வருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டும். அண்ணாச்சி இரண்டு மாத்திரையை ஒன்றாக்குகிறார். டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறார். சுகர் ஏறுகிறது. காலில் ஏற்கெனவே உணர்ச்சி மரத்துப்போய்விட்டதால் செருப்பு கடித்த புண் தெரியவில்லை. தெரிய வந்தபோது விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். காலை எடுக்கிறார்கள். இப்போதுதான் கம்பெனி பையைத் திறக்கிறது. லட்சக்கணக்கில் பில் பாஸ் ஆகிறது.

மாத்திரைக்கு 2,000 தர மாட்டேன், காலை வெட்டினால் 2 லட்சம் தருவேன். இதற்குப் பெயர் "ஹெல்த்" இன்சூரன்ஸாம்!

இது ஏதோ ஒரு கம்பெனியின் கெட்ட புத்தி அல்ல. திட்டத்தின் அமைப்பே அப்படி. இந்தியாவில் சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி பேசுவது "ஆஸ்பத்திரிச் சேர்க்கை" என்ற ஒன்றைப் பற்றித்தான். அதன் இலக்கணம், குறைந்தது 24 மணி நேரம் தொடர்ச்சியாக உள்நோயாளியாக இருப்பது. கண்புரை ஆபரேஷன், டயாலிசிஸ், கீமோ மாதிரி ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி கட்டிலில் படுத்தால்தான் நோயாளி. நடந்து போய் டாக்டரைப் பார்த்தால் வெறும் ஆள்.

இதில் குறுக்குவழி தேடுகிறவர்களும் உண்டு. "ஒரு நாள் அட்மிஷன் போட்டுடுங்க டாக்டர், டெஸ்ட் எல்லாம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது. பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்று விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. கட்டில் வாடகையும் சேர்ந்து கையை விட்டுப் போவதுதான் மிச்சம்.

இந்த விதிகள் எழுதப்பட்டது ஒரு பழைய உலகத்துக்கு. அங்கே நோய் என்றால் திடீரென்று வரும். குடல்வால், மலேரியா, எலும்பு முறிவு. வந்தால் படுக்க வேண்டும், குணமானால் எழுந்து போக வேண்டும். சுகர், பிரஷர், ஆஸ்துமா, தைராய்டு இதெல்லாம் அப்படி வருவதில்லை, போவதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேருடைய நோய் தினமும் நடப்பது வீட்டில், சாப்பாட்டு மேஜையில், மெடிக்கல் ஷாப் வரிசையில். காப்பீடு மட்டும் ஆஸ்பத்திரி கட்டில் ஓரமாகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, கம்பெனிகள் தரப்பு நியாயம் என்ன? காமர்ஸ் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலே கிடைக்கும். காப்பீடு என்பது வருமா வராதா என்று தெரியாத நஷ்டத்துக்கு. ஆயிரம் பேர் காசு போட்டு, அடிபட்ட பத்துப் பேரைத் தூக்கிவிடுவது. மாதாந்திர மாத்திரை நிச்சயமான செலவு. நிச்சயமான செலவை இன்சூர் செய்தால் அந்த 24,000ம் கம்பெனியின் நிர்வாகச் செலவும் சேர்ந்து பிரீமியத்தில் ஏறும், அவ்வளவுதான். இது நல்ல வாதம். இதற்குப் பதில் சொல்லாமல் கம்பெனியைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

பதில் இருக்கிறது. மாத்திரை என்பது நஷ்டம் அல்ல, நஷ்டத்தைத் தடுக்கும் கருவி. தீ காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாயும் தீயணைப்புக் கருவியும் வைத்திருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தருவது அந்தத் துறையின் பழைய வழக்கம். தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்ள முதலாளி செய்யும் செலவு கம்பெனிக்கும் லாபம் என்று அங்கே புரிகிறது. பஞ்சாலைக்குப் புரிந்த கணக்கு மனித உடம்புக்கு ஏன் புரியவில்லை?

சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்தால் பின்விளைவு குறையும் என்பது பாட்டி வைத்தியம் அல்ல. பிரிட்டனில் 1977ல் தொடங்கி பல வருடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1998ல் வந்தது. டைப் 2 சர்க்கரை நோயாளிகளில் ரத்த சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கண் சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு ரத்தக்குழாய்களில் வரும் பாதிப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. இதன் அர்த்தம் ஒரு காமர்ஸ்காரருக்கு உடனே விளங்கும். இன்றைக்குச் சின்னச் செலவு, நாளைக்குப் பெரிய கிளெய்ம் குறைவு. சிறுநீரகம் போனால் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், வருடத்துக்கு 156 தடவை. அது நிச்சயச் செலவு இல்லையா? அதை மட்டும் எப்படிக் கொடுக்கிறார்கள்?

அப்படியானால் கம்பெனிகளே ஏன் முன்வந்து மாத்திரைக்குப் பணம் கொடுப்பதில்லை? இங்கேதான் முடிச்சு. பாலிசி ஒரு வருட ஒப்பந்தம். மாத்திரையின் பலன் தெரிய பத்து வருடம் ஆகும். 2011லிருந்து பாலிசிதாரர் காத்திருப்புக் கால சலுகையை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறலாம். அது அவருக்கு நல்ல உரிமைதான். ஆனால் இந்தக் கம்பெனி செலவழித்துக் காப்பாற்றிய காலின் லாபம் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். ஊரான் தோட்டத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? ஆகவே தனித்தனியாக எந்தக் கம்பெனியும் செய்யாது. எல்லோரும் செய்தாக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொன்னால் மட்டுமே நடக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தனி பாலிசிகள் சில இருக்கின்றன, அவற்றில் சிலது வெளிநோயாளி செலவுக்கும் கொஞ்சம் தருகின்றன. அது நல்லதுதான். ஆனால் தேடிப்போய் வாங்க வேண்டிய தனிச் சரக்காக இருக்கும் வரைக்கும் அது அண்ணாச்சி கைக்கு வராது.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர் போதும்: ஈஎஸ்ஐ. 1948ல் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் ஆரம்பம். தொழிலாளி சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு. 2019 ஜூலையில் அது 0.75 சதவீதம், 3.25 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. இந்தக் காசில் டிஸ்பென்சரியில் டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம், வேண்டுமானால் ஆஸ்பத்திரியிலும் சேரலாம். கூட்டம், மருந்துத் தட்டுப்பாடு என்று அதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் மாத்திரையும் காப்பீட்டுக்குள் வரும் என்பதை இந்த நாடு எழுபது வருடத்துக்கும் மேலாகச் செய்து காட்டியிருக்கிறது. முடியாது என்ற பேச்சு பொய்.

அரசாங்கத் திட்டங்களிலும் இதே கோணல் உண்டு. தமிழ்நாட்டில் 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், மத்திய அரசின் 2018 ஆயுஷ்மான் பாரத்தும் ஏழைக் குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றின, மறுப்பதற்கில்லை. ஆனால் அவையும் ஆபரேஷனையும் ஆஸ்பத்திரியையும் சுற்றித்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" தான் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. நோய் எங்கே நடக்கிறதோ அங்கே போக வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. பிரீமியம் வாங்குகிற கம்பெனிக்குத் தோன்றவில்லை.

இனி இன்னொரு பக்கம். தப்பு முழுக்கக் கம்பெனி மேல் மட்டும் இல்லை. பாலிசி எடுக்கும் வீடுகளில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் வந்தால் வரிக் கழிவுக்கு ஒரு ரசீது வேண்டும், அதற்காக ஒரு பாலிசி. விண்ணப்பத்தில் "ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?" என்ற கேள்வி வரும்போது ஏஜென்ட் சொல்வார்: "சுகர்னு எல்லாம் எதுக்கு அண்ணாச்சி எழுதிக்கிட்டு? பிரீமியம் கூடிரும். நான் பாத்துக்கிறேன்." கிளெய்ம் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் "பத்து வருடமாக டைப் 2 சர்க்கரை நோய்" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். காப்பீட்டின் முதல் பாடமே உச்ச நம்பிக்கை. அது உடைந்த இடத்தில் கம்பெனிக்குச் சாக்கு கிடைத்துவிடுகிறது.

கணக்காகவே பார்த்தாலும் இந்தப் பொய் கட்டுபடியாகாது. 2024ல் விதிகள் மாறின. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு வருடமாக இருந்தது மூன்றானது. மறைத்த விஷயத்தைக் காட்டி கிளெய்மை மறுக்கும் காலம் எட்டு வருடத்திலிருந்து ஐந்தானது, நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆக, உண்மை சொன்னால் அதிகபட்சம் மூன்று வருடக் காத்திருப்பு. மறைத்தால் ஐந்து வருடப் பயம். எது மலிவு? எட்டாம் வகுப்புக் கணக்கு.

இருக்கிற பாலிசியையாவது உருப்படியாகப் பயன்படுத்துகிறார்களா? அதுவும் இல்லை. பல பாலிசிகளில் இலவச உடல் பரிசோதனை உண்டு, கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு (பொதுவாக முன்னால் 30, பின்னால் 60) அதே நோய்க்கான மருந்து, டெஸ்ட் செலவு கிடைக்கும். பில்லைக் குப்பையில் போட்டுவிட்டால் கிடைக்காது. ஒரு வருடம் பணமுடை என்று பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. அறை வாடகை வரம்பு பற்றிப் படிப்பவர் யாரும் இல்லை. 3 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 என்று வரம்பிருக்கும். 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் மட்டும் பாதி போவதில்லை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதி போகும். அநியாயமாகக் கிளெய்மை மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் முறையிடலாம். இதுவும் பலருக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பது யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. பிரீமியம் குறைகிறதென்று எல்லோரும் கைதட்டினார்கள். நல்லதுதான். ஆனால் ஓட்டைக் குடத்தை மலிவாக வாங்கினால் தண்ணீர் நிற்குமா?

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, சுகர் உள்ள ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் வருடாவருடம் கண், பாதம், சிறுநீரகம், மூன்று மாத சராசரி சர்க்கரை ஆகிய பரிசோதனைகள் எந்த பாலிசியிலும் கட்டாயம் அடங்க வேண்டும். இரண்டு, அடிப்படை மாத்திரைகளுக்காவது ஜெனரிக் விலையில் பணம் தர வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் தனி நஷ்டம் இல்லை. மூன்று, ஆஸ்பத்திரியில் படுக்காததற்குத் தரும் போனஸை, சுகரைக் கட்டுக்குள் வைத்ததற்குத் தர வேண்டும். பிரீமியம் கொஞ்சம் கூடுமா? கூடலாம். காலின் விலையை விட அது குறைவு.

அந்த அண்ணாச்சியைக் கேட்டால் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவார். அரிசி மூட்டையில் ஒரே ஒரு வண்டு கண்ணில் பட்டாலும் அன்றைக்கே வெயிலில் கொட்டிக் காயவைக்கிறவர் அவர். மூட்டை முழுக்கப் புழுத்துப்போகட்டும், அப்புறம் வந்து நஷ்டஈடு தருகிறேன் என்று யாராவது சொன்னால் கடைக்குள் விடுவாரா? சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் அப்படி ஒருவருக்கு வருடாவருடம் 20,000 கட்டிக்கொண்டிருக்கிறார்.